கன்னியப்பனின் மொட்டைக்கு ஒரு சாட்சி

சாமுவேல் சைக்கிள் வாங்கிவிட்டான்.

இந்த வாரப் பத்திரிகைப் பத்தியில் புதிய சுரங்கச் சட்டத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் சைக்கிளைத் தாண்டிச் சட்டத்துக்குள் போக முடியவில்லை. ஏனென்றால், எங்கள் தங்கச் சுரங்கத்துக்குச் சட்டம் வந்து சேர்ந்ததே அந்தச் சைக்கிளில்தான்.

சாமுவேல் யார்? மிஷன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடத்துக்காரன். இங்கிலீஷ் இலக்கணத்தில் நான் பரிசு வாங்கினேன். அவன் வகுப்பில் தூங்காமல் இருந்தால் அதுவே பரிசு. இரண்டு பேரும் மெட்ரிகுலேஷன் தேறினோம். நான் நல்ல மார்க்கில். அவன்... தேறினான்.

இன்றைக்கு அவன் சர்க்கார் சுரங்க இன்ஸ்பெக்டர் துரையின் மொழிபெயர்ப்பாளன். கறுப்புக் கோட்டு. கோட்டுக்கு மேல் சங்கிலி. சங்கிலியின் முனையில் கடிகாரம் உண்டா என்பது எனக்கு இன்னும் தெரியாது. பார்க்க விருப்பமும் இல்லை. இப்போது சைக்கிள் வேறு. ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவில் எதிரே ஒரு ஆள்கூட இல்லாதபோதும் மணியை அடித்துக்கொண்டே போகிறான்.

நான்? மாமாவின் கூலிக் கேங்குக்குக் கணக்கெழுதும் ரைட்டர். மாமா என்றால் என் தாய்மாமன் முனுசாமி. சுரங்கத்தில் ஒரு லெவலில், அதாவது பூமிக்குக் கீழே ஒரு தளத்தில், பாறை உடைக்கும் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறார். அவருக்குக் கீழே நாற்பது ஆள். எல்லாரும் வடஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

பொறாமையா என்று கேட்காதீர்கள். ஆமாம்.

சரி, சட்டம். நம்மூர்க் கான்ட்ராக்டர்கள் பலர் இந்தப் பத்தியைப் படிக்கவைத்துக் கேட்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காக நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கீழே ஒருவனுக்கு அடிபட்டால் தூக்கிக்கொண்டு மேலே வருவோம். பிழைத்தால் சந்தோஷம். இல்லையென்றால் பெண்சாதி கையில் ஏதாவது கொடுத்து ஊருக்கு வண்டி ஏற்றுவோம். மறுநாள் அந்த இடத்தில் வேறு ஆள். யார் வந்து கேட்டார்கள்?

இனி கேட்பார்கள். காயம் பட்டால் உடனே மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். அவர் சர்க்காருக்குச் சொல்ல வேண்டும். விபத்து நடந்த இடத்தை, வந்து பார்க்கிறவரைக்கும், கலைக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் நினைத்த நேரத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜில் ஏறிக் கீழே வரலாம், யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மறைத்தால் கம்பெனி மட்டுமல்ல, கான்ட்ராக்டரும் கூண்டில் நிற்க வேண்டும்.

இதைத்தான் தினமும் மாமா சாப்பிடும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு செக்ஷனாகப் படித்துக்காட்டினேன்.

"டேய் மாப்ள," என்றார் ஒருநாள். "நீ எதுக்க உக்காந்து சட்டம் படிச்சா சோறு தொண்டையில நிக்குதுடா. சட்டம் கம்பெனிக்கு. எனக்கு இன்னாத்துக்கு?"

"உங்களுக்கும்தான் மாமா. 'வேலைக்கு வைப்பவர்' என்று போட்டிருக்கிறது."

"நானா வச்சேன்? அவனுங்களா வந்தானுங்க."

இப்படி ஒரு முதலாளியை வைத்துக்கொண்டு நான் சட்டம் படித்தேன்!

போன மாதக் கடைசியில், எங்கள் லெவலில் பாறை சரிந்தது. பெரிய பாறை. அது விழுந்த இடத்தில் சற்று முன்புவரை நின்றிருந்தவன் கன்னியப்பன். வெற்றிலை போடச் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று பக்கத்து ஆளிடம் கேட்க நகர்ந்திருக்கிறான். சுண்ணாம்பு கைக்கு வந்தது. பின்னால் பாறை வந்தது. ஒரு கீறல் இல்லை. வெற்றிலையைக்கூடக் கீழே போடவில்லை என்கிறார்கள்.

மாமா மேலே ஓடிவந்து முதல் தடவையாக என்னைக் கேட்டார். "மாப்ள, சட்டம் இன்னா சொல்லுது?"

எனக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. "யாருக்கும் காயம் இல்லை. ஆகவே சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை" என்றேன். செக்ஷனைச் சொல்லிச் சொன்னேன். சரியாகவும் சொன்னேன். இன்றைக்கும் அதில் தவறு கிடையாது.

ஆனால் எங்கள் கேங்குக்கு வேறொரு சட்டம் இருக்கிறது. எந்த கெஜட்டிலும் அச்சாகாதது. பாறை விழுந்த இடத்துக்கு ஒரு உயிர் கொடுக்காமல் மறுபடி அங்கே உளி வைக்கமாட்டார்கள். அன்று சாயங்காலமே ஒரு சேவல் கேஜில் ஏறிக் கீழே போனது. மாரியம்மன் பேரைச் சொல்லி அந்தப் பாறை மேலேயே அறுத்தார்கள். குங்குமம் அப்பினார்கள். எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சேவல் மீண்டும் கேஜில் ஏறி மேலே வந்தது. கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீட்டில் குழம்பாயிற்று. எனக்கும் ஒரு கால் வந்தது. ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை... மணிச் சத்தம். சைக்கிள் மணி.

துரை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அவர் கோச்சு வண்டியில், சாமுவேல் பின்னால் சைக்கிளில். மாமாவும் நானும் கூடவே இறங்கினோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் துரை ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வந்து, அந்தப் பாறைக்கு முன்னால் நின்றார். குனிந்தார். விரலால் தொட்டார். சாமுவேல் பக்கம் திரும்பினார்.

"இது என்ன என்று துரை அவர்கள் வினவுகிறார்" என்றான் சாமுவேல். வேலையில் இருக்கும்போது இப்படித்தான் பேசுவான். வினவுகிறாராம்!

"ரத்தம்ங்க" என்றார் மாமா.

அவர் இடுப்பில் கிள்ளினேன்.

"கோழி ரத்தம்ங்க!"

"கோழி எங்கே?"

"சாப்ட்டுட்டோங்க."

"இறகாவது இருக்கிறதா?"

"கொழம்புல எறகு போடுவாங்களா தொரை?"

பின்னால் நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். சாமுவேல் சிரிக்காமல் அதை இங்கிலீஷில் சொன்னான். துரையும் சிரிக்கவில்லை. மேலே வந்து எல்லா ஆட்களையும் வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிடச் சொன்னார். ஒவ்வொருவனாக "இருக்கேன் சாமி" என்றான்.

"கன்னியப்பன்."

வரிசையில் அந்த ஆள் இல்லை.

"எங்கே அவன்?"

"ஊருக்குப் போய்ட்டான்ங்க" என்றார் மாமா.

"யாரிடம் சொல்லிக்கொண்டு போனான்?"

"யார்கிட்டயும் சொல்லலைங்க. பொஞ்சாதியோட கெளம்பனத லைன்ல பாத்தாங்க."

"எப்போது போனான்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நேத்து சாயங்காலம்ங்க. பாறை வுழுந்தப்புறம்."

ஒவ்வொரு பதிலும் சத்தியம். ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் இத்தனை உண்மைகளையும் வரிசையாக அடுக்கிப் பாருங்கள் — கடைசியில் ஒரு பிணம் கிடைக்கிறது! பாறை சரிந்தது, ரத்தம் இருக்கிறது, ஆள் இல்லை, கோழி இல்லை, இறகும் இல்லை.

இதுதான் தருணம் என்று நான் முன்னால் வந்தேன். கோட்டு இல்லாவிட்டால் என்ன, இங்கிலீஷ் இருக்கிறதே! செக்ஷன் நம்பரோடு தொடங்கினேன். என் உச்சரிப்பு அன்றைக்கு எவ்வளவு நன்றாக அமைந்தது தெரியுமா?

இவன் யார் என்று துரை சாமுவேலைப் பார்த்துக் கேட்டார். சாமுவேல் அதற்கு, "கான்ட்ராக்டரின் மருமகன்" என்று இங்கிலீஷில் சொன்னான்.

துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். என் பரிசு, என் மார்க்கு, ராத்திரி பகலாக மனப்பாடம் செய்த சட்டம் — எல்லாம் 'மருமகன்' என்ற ஒரே சொல்லுக்குள் போய் விழுந்தது.

துரையின் உத்தரவு இது. சனிக்கிழமைக்குள் கன்னியப்பன் உயிரோடு அவர் முன்னால் நிற்க வேண்டும். இல்லையென்றால் சாவை மறைத்ததாக மாமா மேல் வழக்கு. பக்கத்தில் நின்ற மேனேஜர் தன் பங்கைச் சேர்த்தார்: வழக்கு வந்தால் கான்ட்ராக்ட் அன்றே பிடுங்கப்படும். நாற்பது குடும்பமும் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும்.

கன்னியப்பன் எப்படி இருப்பான் என்று துரை கேட்டார். வெள்ளைக்கார ஷிஃப்ட் அதிகாரி சொன்னார்: முழுத் தேங்காய் அளவுக்குக் குடுமி, இரண்டு கன்னத்தையும் மூடுகிற மீசை. பேர் தெரியாவிட்டாலும் அந்த மீசையைச் சுரங்கமே அறியும்.

"வேறு யாரையாவது கூட்டிவந்து நிறுத்திவிடுவார்கள்," என்றார் துரை. "சாமுவேல், நீ கூடப் போ."

மாமா தன் பக்கத்துக்கு என்னை அனுப்பினார். ஆக, நானும் சாமுவேலும் ஒரே ரயிலில்.

ஒரே ரயில் என்றுதான் சொன்னேன், ஒரே பெட்டி என்று சொல்லவில்லை. பௌரிங்பேட்டையில் மெயில் வண்டி ஏறினோம். சர்க்கார் பாஸில் அவன் இரண்டாம் வகுப்பு. நான் மூன்றாம் வகுப்பில், ஒரு கூடை முருங்கைக்காய்க்கும் ஒரு ஆட்டுக்குட்டிக்கும் நடுவில். வண்டி நின்ற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி என் ஜன்னலுக்கு வந்தான்.

"ஏகாம்பரம், சௌகரியமா இருக்கியா?"

கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே விசாரித்தான். இதற்கு என்ன மருந்து?

குப்பம் தாண்டியதும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சாமுவேல் தடுக்கி விழ வேண்டும் என்பதுதான் என் மனசுக்குள் இத்தனை நாள் ஆசை. சைக்கிளிலிருந்தாவது, உத்தியோகத்திலிருந்தாவது. ஆனால் இந்தக் காரியத்தில் அவன் தடுக்கினால் விழப்போவது மாமா. மாமியின் அடுப்பு. நாற்பது அடுப்பு. நான் என்ன வேண்டிக்கொள்வது?

வேண்டிக்கொண்டேன். "தாயே, சாமுவேலுக்கு ஒரு குறையும் வரக் கூடாது." உலகத்தில் பொறாமைக்காரன் எவனாவது இப்படி ஒரு பிரார்த்தனை செய்திருப்பானா? அது போதாதென்று, மாமா தப்பித்தால் என் தலைமுடியைக் காணிக்கையாகத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

என் தலைமுடி சாதாரணமானதல்ல. கிராப்பு. சாமுவேல் கிராப்பு வைத்துக்கொண்டு வந்த மறுவாரம், பெங்களூர் கண்டோன்மெண்ட் வரைக்கும் போய்க் குடுமியை எடுத்துவிட்டு வெட்டிக்கொண்டது. மாமி ஒருநாள் முழுக்க அழுதாள். அவனுடையதைவிட என்னுடையது நன்றாக வகிடு எடுக்கும். அந்த ஒன்றில்தான் நான் முந்தியிருந்தேன்.

ஆம்பூரில் இறங்கினோம். கன்னியப்பன் ஊர் அங்கிருந்து இரண்டு கல். ஸ்டேஷன் வாசலிலேயே சாமுவேலுக்குத் தெரிந்த உபதேசியார் ஒருவர் எதிர்ப்பட்டுவிட்டார். ஜெபம், நலவிசாரிப்பு, "ஒரு வாய் காப்பி சாப்பிட்டுப் போங்க தம்பி."

"நீ மெதுவா வா, நான் முன்னால போறேன்" என்று நடையைக் கட்டினேன். ஏன்? கண்டுபிடித்தவன் நானாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். கண்டுபிடித்தவன் ஏகாம்பரம், பின்னால் வந்தவன் சாமுவேல். இதைச் சொல்லிக்கொண்டே பாதித் தூரம் ஓடினேன்.

ஊர் எல்லையில் ஒரு மாரியம்மன் கோயில். மேளம் கேட்டது. கன்னியப்பன் பெண்சாதி செங்கேணி பொங்கல் பானைக்குச் சுள்ளி தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"அய்ய, ரைட்டரு! இன்னாங்க இவ்ளோ தூரம்?"

"கன்னியப்பன் எங்கே?"

"தோ, ஆத்தா எதிர்ல உக்காந்துனு கீறாரு."

உட்கார்ந்திருந்தான்! முழுசாக! மீசையோடு! குடுமியை அவிழ்த்து நனைத்து முதுகு வரைக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். நான்தான் கண்டுபிடித்தேன் என்று ஒரு துள்ளுத் துள்ளியிருப்பேன்... அப்போதுதான் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பார்த்தேன். சவரக் கத்தி. அவர் அதைத் தோலில் தீட்டிக்கொண்டிருந்தார்.

முழுத் தேங்காய் அளவுக்குக் குடுமி. இரண்டு கன்னத்தை மூடும் மீசை. இரண்டும் இன்னும் சற்று நேரத்தில் தரையில் கிடக்கப்போகின்றன. அதற்கப்புறம் இவன் யார்? எந்த மொட்டை எந்தக் கன்னியப்பன்?

நான் பார்த்தேனே என்று சொல்லலாம். சொன்னால்? 'கான்ட்ராக்டரின் மருமகன்.' நான் பார்த்தால் அது பார்த்ததாகாது.

கத்தி நெற்றிக்கு வந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். மேளம் நின்றுவிட்டது.

"யாருப்பா அது?" என்றார் பூசாரி.

"அய்ய, நம்ம ரைட்டரு" என்றான் கன்னியப்பன். "நான் இன்னா ஓடியா வந்தேன்? வேண்டுதல முடிச்சினு வந்துர்றேன், மேஸ்திரிகிட்ட சொல்லு."

"யாரிடமாவது சொல்லிவிட்டு வந்திருக்கக் கூடாதா?"

"எப்டி சொல்றது? தப்பிச்ச உசுரு, யார்கிட்டயும் சொல்லிக்காம நேரா வந்து ஆத்தா கால்ல வுழணும். எங்க வூட்டு வழக்கம் அது."

"அங்கே உன்னைச் செத்துப்போனதாகச் சொல்கிறார்கள்!"

செங்கேணி சுள்ளியை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டாள். "சாமி எதிர்ல இன்னா வார்த்த பேசற? வாய கழுவு!"

"அடிக்கணும்னா அப்புறம் அடி. இப்ப மொட்டை போடக் கூடாது. சாமுவேல் வரணும்."

"சாமுவேலு யாரு?" என்றார் பூசாரி. "கெவுனரா?"

வாசகர்களே, அந்த நொடியில் நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். "அவருக்கு மேலே. அவர் பார்த்தால்தான் பார்த்த மாதிரி."

"நான் பாக்கறேன். ஊரே பாக்குது. ஆத்தா பாக்கறா. பத்தாதா?"

"பத்தாது."

"இன்னாய்யா இது, ஆத்தா கண்ணுக்கு மேல ஒரு கண்ணா?"

"நல்ல நேரம் போவுது" என்றார் கத்திக்காரர், அதைத் திரும்பத் தீட்டிக்கொண்டே. "தல காஞ்சா மறுபடி நனைக்கணும்."

கன்னியப்பனின் தலையில் நானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். சாமுவேலைக் கூட்டிவர நாலு பேர் ஓடினார்கள். ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது — யாரோ சாமுவேல் வருகிறாராம், அவர் வந்தால்தான் ஆத்தாளுக்கே முடி காணிக்கையாம்! மரத்தடியில் கட்டில் வந்தது. கட்டில் மேல் ஜமக்காளம் வந்தது. இரண்டு கல் தூரம் ஓடிவந்த நான் வெயிலில் சொம்போடு நிற்கிறேன். என்னை உட்காரச் சொன்னவர் ஒருவருமில்லை.

சாமுவேல் வந்தான். உபதேசியார் குடை பிடித்துக்கொண்டு வர, காப்பி குடித்த முகத்தோடு, நிதானமாக. கூட்டம் வழிவிட்டது. கோயில் எல்லைக்கு வெளியிலேயே ஷூவைக் கழற்றினான். யாரும் சொல்லாமலே கழற்றினான். அதற்கும் ஒரு பெரியவர் "நல்ல புள்ள" என்றார்.

நேரே கன்னியப்பன் எதிரில் குந்தி உட்கார்ந்தான். வினவவில்லை. சாதாரணமாகக் கேட்டான்.

"அண்ணே, உம் பேரு இன்னா?"

"கன்னியப்பன்."

"யாரு கேங்கு?"

"முனுசாமி மேஸ்திரி கேங்கு. தோ நிக்கறாரே, அவரு மாமன்."

"பாறை வுழுந்தப்ப இன்னா பண்ணினு இருந்த?"

"சுண்ணாம்பு கேக்கப் போனேன். திரும்பிப் பாத்தா நான் நின்ன எடத்துல மலை நிக்குது. சுண்ணாம்பு மட்டும் தீரலன்னா, இப்ப இவ வெள்ளப் பொடவ."

செங்கேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாமுவேல் இன்னும் கிட்டே நகர்ந்தான். குடுமியைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான். பிறகு எழுந்து கத்திக்காரரிடம், "ஆரம்பிங்க" என்றான்.

ஆரம்பித்தார்கள்! நான் நிறுத்தியபோது சண்டைக்கு வந்தவர்கள், அவன் சொன்னதும் மேளம் அடித்தார்கள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசி முடி விழும்வரைக்கும் அவன் கண் கன்னியப்பனை விட்டு நகரவில்லை. கட்டிலில் உட்காரவே இல்லை. வகுப்பில் தூங்கிய தூக்கமெல்லாம் இந்த நாளுக்காகச் சேர்த்துவைத்தது போலிருக்கிறது.

கட்டில் காலியாகத்தான் இருந்தது. அப்போதும் என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

சனிக்கிழமை, மேனேஜர் பங்களா வராந்தா. துரை, மேனேஜர், ஷிஃப்ட் அதிகாரி நாற்காலியில். கீழே மாமாவும் கேங்கும். நடுவில் பளபளவென்று ஒரு மொட்டைத் தலை. மீசை போன முகத்தில் கன்னியப்பனுக்குப் பத்து வயசு குறைந்துவிட்டது. மாமாவே ஒரு நிமிஷம் திகைத்தார் என்றால் பாருங்கள்!

துரை, ஷிஃப்ட் அதிகாரியைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். இவன் இல்லை. இந்த ஆளைப் பார்த்ததே கிடையாது என்றார்.

"நான் அப்போதே சொன்னேனே," என்றார் துரை. "யாரோ ஒருவனைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள்."

மாமா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றார். கேங்கு மொத்தமும் ஒரே குரலில் அவன்தான் என்றது. நானும் இங்கிலீஷில் சொன்னேன். துரை கையைத் தூக்கினார். எல்லாரும் கான்ட்ராக்டரின் சோறு தின்கிறவர்கள். போதும்.

மாமா முகத்தை அன்றைக்கு நான் பார்த்த மாதிரி இனி ஒருநாளும் பார்க்கக் கூடாது. எத்தனையோ பாறையை உடைத்தவர். படியில் உட்கார்ந்துவிட்டார். கன்னியப்பனோ, தான் உயிரோடு இருப்பதே தப்பு என்பதுபோல எல்லாரையும் மாறிமாறிப் பார்த்தான்.

சாமுவேல் ஒரு அடி முன்னால் வந்தான். சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "முடி எடுப்பதற்கு முன்னும் பார்த்தேன், எடுக்கும்போதும் பார்த்தேன், எடுத்த பின்னும் பார்த்தேன், இவன்தான் சார்."

இங்கிலீஷில் சொன்னான். வினைச்சொல் ஒன்று தப்பு. அதைக் கவனித்தவன் அந்த வராந்தாவில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

துரை எழுந்தார். "சரி" என்றார். வழக்கு இல்லை.

நாற்பது பேர் சத்தம் போட்டதில் பங்களா நாய் ஓடிப்போயிற்று. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாமுவேலின் இரண்டு கையையும் பிடித்தார். "தம்பி... தம்பி..." என்னை ஒருநாளும் மாமா தம்பி என்று கூப்பிட்டதில்லை. முறைப்படி கூப்பிட முடியாது என்பது வேறு விஷயம்.

போகும்போது துரை, சாமுவேல் மூலமாக மாமாவுக்கு இரண்டு வார்த்தை சொன்னார். இனி கீழே கோழி அறுப்பதானால் முன்னாலேயே மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகிறவன் தன் கேங்கில் இல்லாத ஒருவரிடம், கேட் வாட்ச்மேனிடமாவது, சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் மாமாவுக்குக் கோபம் வந்தது. "நாப்பது பேரு சொல்றோம், நம்ப மாட்டேன்றான். நாமெல்லாம் மனுசன் இல்லியா?"

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். 'ஊருக்குப் போய்விட்டான்' — இந்தப் பதிலைத் துரை முதல் தடவையாகவா கேட்டிருப்பார்? வேறு இடங்களில், வேறு கான்ட்ராக்டர்கள் இதே சொல்லை இதே முகத்தோடு சொல்லியிருக்க மாட்டார்களா? அங்கேயும் பாறை விழுந்திருக்கும். அங்கேயும் ஆள் வரிசையில் இருந்திருக்க மாட்டான். ஆனால் அவன் ஊரில் இறங்கிப் போய்ப் பார்த்திருந்தால், கோயில் எதிரே அவன் உட்கார்ந்திருப்பானா?

இதை மாமாவிடம் சொன்னேன். கோபம் சட்டென்று அடங்கியது. "நம்ம ஆளு உக்காந்துனு இருந்தான்டா" என்றார், மெதுவாக.

ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தில் உள்ள சங்கதி இதுதான் என்று நினைக்கிறேன். இதுவரைக்கும் கான்ட்ராக்டர் இருக்கிறான் என்றால் இருக்கிறான், போய்விட்டான் என்றால் போய்விட்டான். அவர் வாய்ச்சொல்லே கடைசிச் சொல். இனி அப்படி இல்லை. நீங்கள் யோக்கியராக இருப்பது மட்டும் பற்றாது. உங்கள் சோறு தின்னாத ஒருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். செக்ஷன்களைப் படித்து வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, உங்களுக்கு ஒட்டும் உறவும் இல்லாத ஒரு ஆளின் கண்ணில் படும்படியாக வேலை நடத்துங்கள். கசப்பாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. முழுச் சட்டமும் தெரிந்த என் கண்ணைவிட, காப்பி குடித்துவிட்டு வந்த ஒரு கண்ணுக்கு மதிப்பு அதிகம் என்கிறது இந்தச் சட்டம். நியாயம்தான். நியாயம் என்பதால் எரிச்சல் குறைகிறதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் விருந்து. மறுபடியும் சேவல். தொடை சாமுவேலின் இலைக்குப் போனது. என் இலைக்குக் கழுத்து வந்தது. எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, ரயிலில் செய்த வேண்டுதலை வாய்தவறி மாமியிடம் சொல்லித் தொலைத்தேன். மாமிக்கு ஆனந்தம். கிராப்புக்கு அன்றோடு முடிவுகாலம் என்று தெரிந்துவிட்டது.

"போ மாப்ள, தாராளமா போ" என்றார் மாமா. "ஆனா தம்பியயும் கூடவே கூட்டினு போ. மொட்டத் தலையோட தனியா வந்து நின்னா, கேட்ல உன்ன யாருன்னு சொல்றது?"

சாமுவேலைக் கேட்டேன். வருகிறானாம்... இரண்டாம் வகுப்பில்.